லினக்ஸ் கெர்னலில் சென்சார் டிரைவர்களைப் பராமரிப்பவர்களுக்கு அப்படி என்னதான் வேலை இருக்கும்?

"வெப்பநிலையைப் படித்துக் காட்டும் டிரைவர் சில நூறு வரிதானே, ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்ததல்லவா?" என்று கேள்வியின் விளக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். சில நூறு வரி என்பது பல சிப்புகளுக்குச் சரிதான். முடிந்தது என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கெர்னலில் வன்பொருள் சென்சார்களைக் கவனிக்கும் ஹெச்டபிள்யூமான் பிரிவில் ஒரு டிரைவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சிப் உள்ள போர்டு என் மேசையில் ஒன்றுதான் இருக்கிறது. டிரைவரோ நான் கண்ணால்கூடப் பார்த்திராத போர்டுகளில் எல்லாம் ஓடுகிறது. தொல்லை அத்தனையும் அங்கிருந்துதான் வருகிறது. டிரைவர் செத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். தவறான எண்ணை நம்பும்படியாகக் காட்டினால் யாருக்கும் தெரியாது.

விசிறி வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எல்எம்78 வகைச் சிப்புகள் சுற்றுகளை எண்ணுவதில்லை. விசிறி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் தன் 22.5 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் எத்தனை முறை துடித்தது என்று எண்ணி, 8 பிட் ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் ஒரு எண்ணை வைக்கும் சிறு இடம்) வைக்கின்றன. 13,50,000-ஐ அந்த எண்ணாலும் சிப்பில் அமைத்து வைக்கும் ஒரு வகுப்பானாலும் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். ரிஜிஸ்டர் 255-க்கு மேல் போகாது; 255 என்றால் 'விசிறி நின்றுவிட்டது' என்று பொருள். வகுப்பான் 2 ஆக இருந்தால் 2,650 சுற்றுக்குக் கீழே ஓடும் எந்த விசிறியும் நின்றுபோனதாகவே தெரியும். வகுப்பானை 8 ஆக்கினால் 1,000 சுற்று விசிறியும் சரியாகத் தெரியும். ஆனால் குறைந்தபட்ச வேக எல்லையும் அதே அலகில்தான் பதிவாகியிருக்கிறது. அதையும் கூடவே மாற்றி எழுதாவிட்டால் எல்லை கால்வாசியாகக் குறைந்து, அடிக்க வேண்டிய அலாரம் அடிக்காமல் போகும். ரிஜிஸ்டரில் 0 வந்தால்? பூஜ்யத்தால் வகுப்பது கெர்னலுக்குள் விளையாட்டல்ல. இத்தனையும் ஒரே ஒரு எண்ணுக்காக!

வெப்பநிலையிலும் இதே கதைதான். மைனஸ் 25 டிகிரியை, மைனஸ் குறியைக் கணக்கில் கொள்ளாத பைட்டாகப் படித்தால் 231 டிகிரி என்று வரும். பயனர் எல்லை மதிப்பாக மகா பெரிய எண் ஒன்றை எழுதினால், முதலில் வரம்புக்குள் அடக்கிவிட்டுப் பிறகுதான் கணக்குப் போட வேண்டும். வரிசை மாறினால் எண் வழிந்து தலைகீழாகிவிடும். பல காலமாக ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் சிலவற்றில் இந்த வகைப் பிழையை 2024-இல்கூடத் திருத்தினார்கள்.

சிப் தருகிற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஏஎம்டியின் முதல் தலைமுறை த்ரெட்ரிப்பர் பிராசசரில், விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தரும் வெப்பநிலை உண்மையானதைவிட 27 டிகிரி கூடுதல், அதுவும் வேண்டுமென்றே கூட்டி வைத்தது. அதைப் படிக்கும் கே10டெம்ப் டிரைவருக்குள் பிராசசர் பெயரைப் பார்த்துக் கழிப்பதற்கென்றே ஒரு சின்னப் பட்டியல் உண்டு.

"12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 வோல்ட் காட்டுகிறது" என்பது அடிக்கடி வரும் புகார். மதர்போர்டில் மின்னழுத்தத்தைப் பிரிக்கும் ரெசிஸ்டர்களின் மதிப்பு டிரைவருக்குத் தெரிய வழியில்லை. சென்சார் மதிப்புகளைப் பயனருக்குக் காட்டும் எல்எம் சென்சார்ஸ் நிரலின் அமைப்புக் கோப்பில் பெருக்கிக்கொள்ளச் சொல்லிப் புகாரை மூடிவிடுவேன்.

இதைவிடப் பெரிய தலைவலி ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். விண்ட்பாண்ட் நிறுவன வழிவந்த பல சிப்புகளில் ஒரு போர்ட்டில் (சிப்போடு பேசும் வாசல்) ரிஜிஸ்டர் எண்ணை எழுதி, அடுத்த போர்ட்டில் மதிப்பைப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஃபர்ம்வேரின் ஏசிபிஐ நிரல் குறுக்கிட்டு ரிஜிஸ்டர் எண்ணை மாற்றிவிட்டால் நாம் படிப்பது வேறு எதையோ. எழுதும்போது இப்படி நடந்தால் விசிறியின் வேகமே மாறிப்போகலாம். அதனால்தான் மோதல் இருக்கிறது என்று தெரிந்தால் டிரைவரை ஏற்ற கெர்னல் மறுக்கிறது. அந்தத் தடையைத் தளர்த்த ஒரு பூட் அளவுரு இருக்கிறது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சில அசுஸ் போர்டுகளுக்கு டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் மூலம் ஃபர்ம்வேரிடமே கேட்டு வாங்கும் வழி பின்னால் வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு போர்டு பெயரைச் சேர்க்கும் ஒற்றை வரிப் பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) வந்துகொண்டே இருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் யாராவது செய்தாக வேண்டும்.

வந்த பேட்சையெல்லாம் சேர்த்துக்கொள்வதல்ல பராமரிப்பு. வேண்டாம் என்பதுதான் அதில் பெரும்பகுதி. எல்எம்75 போன்ற சிப்பில் அடையாள ரிஜிஸ்டரே கிடையாது, அதனால் இன்ன சிப் என்று ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கப் போய் வேறு சிப்பைத் தொட்டுவிட்டால் விபரீதம். சென்சார் தேடும் நிரல் தட்டிப் பார்த்ததில், 24ஆர்எஃப்08 ஈஈப்ராம் என்ற நினைவகச் சிப் இருந்த பழைய ஐபிஎம் திங்க்பேட்கள் சில பூட்டே ஆகாமல் போனதுண்டு. ஆகவே "இன்னும் நாலு முகவரியிலும் தேடிப் பார்க்கலாமே" என்று பேட்ச் வந்தால் என் பதில் எப்போதும் மறுப்புத்தான்.

டிரைவரையே எடுத்துவிடுவதும் உண்டு. பிராசசரின் மின் நுகர்வைக் காட்டும் ஏஎம்டி எனர்ஜி டிரைவர் 2020-இல் 5.8 பதிப்பில் வந்தது. மின் நுகர்வு அளவீட்டைக் கொண்டே ரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று பிளாட்டிபஸ் தாக்குதல் அதே ஆண்டு காட்டியது. 5.13-இல் அந்த டிரைவர் போய்விட்டது.

நீங்களும் இறங்கிப் பார்க்க விரும்பினால் சிப் வாங்க வேண்டியதில்லை. போலிச் சிப்பாக நடிக்கும் ஐ2சி-ஸ்டப் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றி, யாராவது அனுப்பிய ரிஜிஸ்டர் டம்ப்பை (ரிஜிஸ்டர் மதிப்புகளின் நகல்) அதில் நிரப்பினால், டிரைவர் அதை நிஜச் சிப் என்றே நினைத்துக்கொள்ளும். டம்ப் கேட்கும்போது மட்டும், விசிறி ஓடும்போது எடுத்தது ஒன்று, நிறுத்திவிட்டு எடுத்தது ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள்.