துறைமுக நெரிசலை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி: 2021-ல் ஒரே ஒரு தொழிலாளிக்குக் கோவிட் என்று சீனாவின் நிங்போ துறைமுகத்தில் ஒரு முனையத்தையே மூடினார்களே! இந்த ஆபத்தை இறக்குமதியாளர் எப்படி எடைபோடுவது?

பதில்: மெய்ஷான் முனையம் அந்த ஆகஸ்டில் இரண்டு வாரம் முடங்கியது. கிரேன் பழுதில்லை, ஆட்களைத் தனிமைப்படுத்தினார்கள். எனவே நோய் எண்ணிக்கையைவிட, ஒரு தொற்றுக்கே முனையத்தை மூடும் ஊரா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது யார்டு, அதாவது முனையத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் இடம். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால், அடியில் கிடக்கும் ஒரு கன்டெய்னரை எடுக்க மேலே உள்ள மூன்று நான்கை நகர்த்த வேண்டும். கிரேன் ஓயாமல் ஓடும், சரக்கு மட்டும் நகராது. வாசலில் லாரிகள் தேங்கும். குளிர்சாதன கன்டெய்னர் என்றால் இன்னும் சிக்கல். அதற்கு மின்சாரம் தரும் பிளக் காலி இல்லாமல் இறக்க முடியாது. 2020 பிப்ரவரியில் ஷாங்காயில் நடந்தது அதுதான். கப்பல் நிறுவனங்கள் நெரிசல் கட்டணமும் போட்டன.

பக்கத்துத் துறைமுகம் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2021 மே கடைசியில் தென் சீனாவின் யான்டியன் துறைமுகம் கோவிட்டால் தடுமாறியதும் சரக்கு பக்கத்துத் துறைமுகங்களான ஷெகோ, நான்ஷா பக்கம் திரும்பியது, அங்கும் நெரிசல்.

வாரந்தோறும் இரண்டைக் குறித்து வையுங்கள்: நங்கூரமிட்ட கப்பல் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது, எத்தனை கப்பல்கள் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போகின்றன. இரண்டும் ஏறினால் ஆர்டரை முன்கூட்டியே போடுங்கள். டெமரேஜ் (கன்டெய்னர் துறைமுகத்தில் கூடுதல் நாள் கிடந்தால் வரும் கட்டணம்), டிடென்ஷன் (வெளியே எடுத்த கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் வரும் கட்டணம்) இரண்டுக்குமான இலவச நாட்களை புக்கிங்கின்போதே பேசி எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான சரக்குக் காப்பீடு தாமதத்தால் வரும் நஷ்டத்தை ஏற்காது.