சீனத்துப் பாட்டிகள் தங்களைப் பாட்டி என்று நினைக்கிறார்களா? (கேள்வி பதில்)

துணி வியாபாரத்துக்காகக் குவாங்சோவில் பத்து ஆண்டு இருந்தேன். குடியிருந்த வளாகத்தில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். என் சீனமொழியே அவர்களோடு பேசிப் பழகியதுதான். சீனாவில் முதியவர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சேலத்திலிருந்து): அண்ணா, சீனாவில் வயதானவர்களுக்கு மரியாதை அதிகம் என்கிறார்களே. அப்படியானால் வயதாவது அவர்களுக்குப் பிடிக்குமா?

மரியாதை சொல்லிலேயே இருக்கிறது. 'லாவ்' என்றால் முதிய, பழைய. ஆசிரியர் 'லாவ்ஷி', முதலாளி 'லாவ்பான்'. இருபத்தைந்து வயது டீச்சரும் லாவ்ஷிதான். கூட வேலை செய்யும் வாங் என்பவரை 'லாவ் வாங்' என்று கூப்பிட்டால் நெருக்கம். அதையே திருப்பி 'வாங் லாவ்' என்றால் அவர் பெரிய அறிஞர், எழுந்து நிற்க வேண்டியவர். ஆனால் அதே மனிதரிடம் போய் "உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். 'பு ஃபு லாவ்' என்பார், முதுமைக்குப் பணிய மாட்டேன் என்று அர்த்தம். பட்டம் வேண்டும், வயது வேண்டாம். இதில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): இதற்கெல்லாம் கன்ஃபூசியஸ்தான் அடிப்படையா?

பாதி அந்தப் பழங்காலச் சீன ஞானிதான். தன் வாழ்க்கையை அவரே படிப்படியாகச் சொல்லியிருக்கிறார்: 15 வயதில் கல்வியில் மனம் வைத்தேன், 30இல் காலூன்றினேன், 40இல் குழப்பம் தீர்ந்தது, 50இல் வானத்தின் ஆணை புரிந்தது, 60இல் எதைக் கேட்டாலும் காது இணங்கியது, 70இல் மனம் போனபடி போனாலும் வரம்பு மீறவில்லை. வயது ஏற ஏற ஆள் மெருகேறுகிறார். இன்றும் நாற்பதைக் 'குழப்பமற்ற வயது' என்பார்கள்.

இது எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். அவர் சொன்னதைத் தொகுத்த 'லுன்யு' என்ற அதே நூலில் இன்னொரு இடமும் உண்டு. யுவான் ராங் என்ற அவருடைய பழைய நண்பர் மரியாதையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் பணிவில்லை, வளர்ந்தும் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை, கிழவனாகியும் சாகவில்லை, இவன் திருடன் என்று சொல்லி கன்ஃபூசியஸ் தடியால் அவர் காலில் ஒரு தட்டு தட்டுகிறார்! வெறும் வயதுக்கு மதிப்பில்லை, ஏதாவது பயன் இருக்க வேண்டும். எங்கள் வளாகத்துப் பெரியவர்களிடம் நான் கண்டதும் இதுதான். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்கறி வாங்கி, சமைத்துப் போடுகிறவரை நிமிர்ந்து நடப்பார்கள். முழங்கால் மடங்காமல் போன மாதத்திலிருந்து "பிள்ளைகளுக்குப் பாரம்" என்ற பேச்சு வந்துவிடும்.

கேள்வி (கோவையிலிருந்து): பூங்காவிலும் சாலையோரத்திலும் கூட்டமாக ஆடும் பெண்களின் வீடியோ நிறையப் பார்க்கிறேன். வெட்கமே கிடையாதா?

கேள்வியில் கொஞ்சம் பொறாமை தெரிகிறது, சரி. அது 'குவாங்சாங் வூ', சதுக்க நடனம். இரண்டு விஷயம் தெரிந்தால் புரியும்.

ஒன்று, ஓய்வு வயது. ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு 50, அலுவலகப் பதவியில் இருக்கும் பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 60 என்று பல பத்தாண்டு இருந்தது. 2025 ஜனவரியிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். 15 ஆண்டில் இது 55, 58, 63 ஆகும். முகத்தில் சுருக்கம் விழுவதற்கு முன்பே ஒரு பெண் 'ஓய்வு பெற்றவள்' ஆகிவிடுகிறாள். நேற்றுவரை தறியில் நின்றவள் இன்று வீட்டில் என்ன செய்வாள்? கண்ணாடி சொல்வதற்கு முன்பே அரசாங்கம் 'நீ கிழவி' என்று சொல்லிவிடுகிறது. அதை ஏற்காமல் மாலை ஏழு மணிக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். (ஒன்பதரைவரை தூங்க முடியாமல் தவித்தவன் என்ற முறையில் ஸ்பீக்கரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.)

இரண்டு, அவர்களுடைய இளமை. இன்று எழுபதைத் தாண்டியவர்கள் மாவோ 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் வளர்ந்தவர்கள். பழைய பழக்கவழக்கம், முதலாளித்துவம் எல்லாவற்றையும் ஒழிக்கிறோம் என்று பத்தாண்டு நடந்த இயக்கம் அது. 1968க்குப் பிறகு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகரத்து இளைஞர்களைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் நீலம், சாம்பல், ராணுவப் பச்சை. பூப்போட்ட சட்டை போட்டால் முதலாளித்துவ மனப்பான்மை என்பார்கள். சுற்றுலாத் தலங்களில் பட்டுத் துப்பட்டாவைக் காற்றில் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பாட்டிகளைப் பார்த்து இளைஞர்கள் சிரிக்கிறார்கள். 'லாவ் லாய் சியாவ்', அதாவது வயதான காலத்தில் சிங்காரம் என்று ஒரு கிண்டல் சொல்லும் உண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றியதில்லை. இருபதில் கட்டவிடாத சிவப்பை எழுபதில் கட்டுகிறாள், அவ்வளவுதான்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): தலைக்குச் சாயம் பூசுவார்களா?

பூசுவார்கள். கட்சித் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்த பழைய படங்களைப் பாருங்கள், எல்லாத் தலையும் கன்னங்கரேல். ஷி ஜின்பிங் நரை தெரிய வந்தது செய்தியாகவே ஆனது.

கேள்வி (சென்னையிலிருந்து): மேடையில் சட்டையில்லாமல் நடந்த தாத்தா யார்?

வாங் தெஷுன். 1936இல் பிறந்தவர், நடிகர். 2015இல் பெய்ஜிங் ஃபேஷன் நிகழ்ச்சியில் எண்பதை நெருங்கும் வயதில் வெற்றுடம்போடு நடந்தார். எங்கள் வளாகத்து ஆண்கள் அவரைப் புகழ்ந்துகொண்டே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து): முதுமையை நல்லதாக நினைத்தால் நினைவாற்றல்கூடக் குறையாதாமே, உண்மையா சார்?

1994இல் பெக்கா லெவி, எலன் லாங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் சீனத்து முதியவர்களையும் அமெரிக்க முதியவர்களையும் ஒப்பிட்டார்கள். சீனர்கள் முதுமையை நல்லவிதமாக நினைத்தார்கள், நினைவுச் சோதனையிலும் மேலே வந்தார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு. பிறகு கனடாவில் குடியேறிய சீனர்களிடம் செய்து பார்த்தபோது ஓரளவுதான் ஒத்துவந்தது. அதனால் பாட்டியின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து): சீனர்கள் வயதை மறைப்பார்களா?

பொதுவாக மறைக்க மாட்டார்கள், கூட்டிச் சொல்லவே செய்வார்கள். பழைய கணக்கில் பிறந்த குழந்தைக்கே ஒரு வயது. ஆனால் 73, 84 என்ற இரண்டு எண் மட்டும் ஆகாது. கன்ஃபூசியஸ் 73இலும், அவர் வழியில் வந்த ஞானி மென்சியஸ் 84இலும் போனார்களாம். அந்த வயதில் 'யென்வாங் கூப்பிடாவிட்டாலும் தானே போவான்' என்று பழமொழி. யென்வாங் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு இங்கிருந்து போன நம் எமதர்மராஜன்தான்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் வயது கேட்டேன், 72 என்றார். அடுத்த ஆண்டு பிறந்தநாளுக்கு நூடுல்ஸ் கொடுத்தார். மறுபடி கேட்டேன். 74 என்றார். பழைய கணக்காம்.