சர்க்கரை தானே, எதைப் போட்டா என்ன?

கேள்வி: பார்லி மகரந்தப்பையை மீடியாவுல (சத்துக் கலவைல) போட்டு எம்ப்ரியோ (கரு) எடுக்கப் பாக்குறேன். சுக்ரோஸ் 6% போட்டேன், பை எல்லாம் பழுப்பாகிடுச்சு, எம்ப்ரியோ ரெண்டோ மூணோ தான். பக்கத்து டேபிள்ல கடுகு இனத்துக்கு 13% சுக்ரோஸ் போட்டு தட்டு நிறைய எடுக்குறாங்க. நானும் ஏத்தணுமா?

பதில்: ஏத்தாதீங்க! நானும் இப்படித்தான் ஏத்தி ஏத்திப் பாத்து ஒரு சீசனையே வீணடிச்சேன். 1964-ல டெல்லி யுனிவர்சிட்டில குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தை மகரந்தப்பையில இருந்து எம்ப்ரியோ எடுத்துக் காட்டினதுல இருந்தே சுக்ரோஸ் தான் எல்லாருக்கும் பழக்கம், ஆனா பார்லிக்கு அது ஒத்துவரல, பதிலுக்கு மால்டோஸ்ங்கிற சர்க்கரையைப் போடுங்க.

ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு உடைஞ்சா குளுக்கோஸ் ஒண்ணு, ஃப்ரக்டோஸ் ஒண்ணு, ஆக ரெண்டு. திசுவுல இருந்து வர்ற இன்வர்டேஸ் என்சைம் இதை மளமளன்னு உடைச்சிடும், நீங்க 6%னு நினைச்சு வச்ச மீடியாவோட ஆஸ்மோட்டிக் பிரஷர் (செல்லுல இருந்து தண்ணியை இழுக்குற வேகம்) தன்னால எகிறிக்கிட்டே போகும், அது போதாதுன்னு செல்லும் கிடைச்ச சர்க்கரையை அவசர அவசரமா எரிச்சு ஆக்சிஜன் பத்தாம எத்தனால் சேத்துவச்சு செத்துப்போகும். மால்டோஸ் ரெண்டு குளுக்கோஸ் சேந்தது, ஆனா மெதுவா தான் உடையும். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி, தேவைக்கு ஏத்தபடி கிடைக்கும். கோதுமைக்கும் அதனால தான் மால்டோஸ் 9% அளவுல போடுறாங்க.

கடுகு கதை வேற. அங்க அந்த 13%ல பெரும்பங்கு சாப்பாடே இல்ல, ஆஸ்மோட்டிக் பிரஷருக்குத்தான். சுக்ரோஸை நல்லா குறைச்சு பதிலுக்கு பாலி எத்திலீன் கிளைகால்னு சர்க்கரையே இல்லாத ஒரு பொருளைப் போட்டும் எம்ப்ரியோ எடுத்திருக்காங்க, அந்த எம்ப்ரியோ விதைக்குள்ள வளர்றது மாதிரியே இருந்துச்சு.

இன்னொண்ணு, மகரந்தத்தை முதல்ல பட்டினி போடணும். மகரந்தத்தோட இயல்பான வேலை ஸ்டார்ச் சேத்து முதிர்றது, சர்க்கரை கிடைச்சா அந்தப் பழைய ரூட்லயே போயிடும். பார்லிக்கு மேனிடால்ல நாலு நாள் வச்சா (மேனிடாலை அதால கிட்டத்தட்ட சாப்பிடவே முடியாது) மைக்ரோஸ்கோப்ல செல் உப்பி, சைட்டோபிளாசம் நட்சத்திரம் மாதிரி இழை இழையா விரியிறது தெரியும். அப்புறம் மால்டோஸுக்கு மாத்துங்க. மகரந்தம் ஒற்றை நியூக்ளியஸ் கட்டம் (இன்னும் ஒரே உட்கரு இருக்குற நிலை) தாண்டின பூ வேண்டாம், அது எதுக்கும் மசியாது.

எடை மாத்தத் தேவையில்ல, சுக்ரோஸ், மால்டோஸ் ரெண்டுக்கும் மூலக்கூறு எடை 342 தான், லிட்டருக்கு அதே 60 கிராம். ஆனா மால்டோஸை ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி நீக்குற மெஷின்ல) வைக்காதீங்க, சூட்டுல கொஞ்சம் உடையும், 0.2 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுங்க. ஒரே கதிர்ல பாதிப் பை சுக்ரோஸ்லயும் பாதி மால்டோஸ்லயும் போட்டீங்கன்னா நான் சொல்றதை நம்பணும்னே இல்ல, தட்டைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்.