மரபணு சிகிச்சையில் வேலை பார்க்க டாக்டர் ஆகித்தான் தீர வேண்டுமா?

பரம்பரைக் கண் நோய்களுக்கான மரபணு சிகிச்சைதான் தன் துறை என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், மருத்துவ சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலையை விடுங்கள். இந்தத் துறையில் டாக்டர் ஒரு கண்ணிதான்.

2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா மருந்தையே பாருங்கள். ஆர்பிஇ65 என்ற மரபணு பழுதாகிப் பார்வை மங்குபவர்களுக்கானது. நல்ல மரபணுவை ஒரு வைரஸுக்குள் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் 0.3 மில்லிலிட்டர் செலுத்துகிறார்கள். செலுத்துவது அறுவை சிகிச்சை நிபுணர், சரி. அந்த வைரஸை வடிவமைத்துச் சுத்தமாகத் தயாரிப்பவர்கள் மூலக்கூறு உயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படித்தவர்கள். விழித்திரை நோய்களோடு தொடர்புள்ள 250க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுது என்று கண்டுபிடிக்க உயிர்த் தகவலியல், அதாவது மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசும் துறை, தெரிந்த ஆள் வேண்டும். முடிவைக் குடும்பத்துக்குப் புரியவைக்க மரபணு ஆலோசகர் வேண்டும்.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒரு வேலை: மருந்து பலித்ததா என்று அளப்பது. இந்த நோயாளிகள் மங்கிய வெளிச்சத்தில்தான் அதிகம் தடுமாறுவார்கள். சுவரில் மாட்டிய எழுத்து அட்டை அதைக் காட்டிக்கொடுக்காது. எனவே லக்ஸ்டர்னாவைச் சோதித்தபோது தரையில் அம்புக்குறிகள் வரைந்து, வழியில் தடைகள் வைத்து, 1 லக்ஸ் முதல் 400 லக்ஸ் வரை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மாற்றி நடக்கவைத்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்களுக்கு யார் சிகிச்சை பெற்றவர் என்றே தெரியாது. இப்படி ஒரு சோதனையை உருவாக்க ஆப்டோமெட்ரியும் (பார்வையைப் பரிசோதிக்கும் படிப்பு) புள்ளியியலும் கைகொடுக்கும். என்னைக் கேட்டால், மருந்துக்கு அனுமதி கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு.

‘மரபணு சிகிச்சை’ என்று பெயர் போட்ட குறுகிய காலப் படிப்புகளில் மட்டும் இப்போதே பணத்தைக் கொட்டாதீர்கள். அகலமான அடிப்படைப் பட்டம் முதலில், சிறப்புப் பிரிவு பிறகு. பொறுமையும் வேண்டும்: ஆர்பிஇ65 சிகிச்சையை மனிதர்களிடம் செய்த முதல் சோதனைகளின் முடிவு வந்தது 2008இல், அனுமதிக்கு அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள். ஆராய்ச்சிதான் என்றால் முனைவர் பட்டம் வரை போகத் தயாராக இருக்கட்டும்.

எந்தப் பக்கம் போகலாம் என்று தெரிய, பெரும்பாலும் சிறு வயதிலேயே பார்வையைக் குறைக்கும் பரம்பரை விழித்திரை நோயான ஸ்டார்கார்ட் நோயைப் பற்றி அவளைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் காரணமான மரபணு, வழக்கமாகப் பயன்படும் வைரஸுக்குள் அடங்காத அளவு பெரியது. “இரண்டாகப் பிரித்து அனுப்பினால் என்ன?” என்று கேட்டால் ஆய்வகப் படிப்புகளைப் பாருங்கள். “அதுவரை அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டால் ஆப்டோமெட்ரி, மரபணு ஆலோசனைப் பக்கம் விசாரியுங்கள்.