பழைய மில்லிங் மெஷினுக்குப் பெயின்ட் கடைசி வேலை

கேள்வி: வீட்டுப் பட்டறைக்காகப் பழைய மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மெஷின்) ஒன்று வாங்கினேன். பல வருஷம் சும்மா கிடந்தது. டேபிள் முழுக்கத் துரு, கைப்பிடி அசையவே இல்லை. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்துவிடலாமா ஐயா?

பதில்: வேண்டாம், கிரைண்டரை எடுத்து வைத்துவிடுங்கள். அந்த மெஷினின் உயிரே டேபிளும் அதைத் தாங்கும் சேடிலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பரப்புகள்தான். அழுக்கைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல பழைய மெஷின்களில் பிறை பிறையாகச் சின்னத் தடங்கள் தெரியும். கீறல் என்று நினைத்துவிடாதீர்கள். கையால் சுரண்டிப் போட்டவை, எண்ணெய் தங்குவதற்கு. உப்புத்தாள் பட்டால் அவை அழியும். போதாததற்கு, தாளிலிருந்து உதிரும் தூள் வார்ப்பிரும்பில் பதிந்து, எதிரே ஓடும் பரப்பையும் அரைக்கும்.

கைப்பிடி அசையாவிட்டால் முதலில் பூட்டுத் திருகுகள் எல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறமும் வரவில்லையா? பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள், டேபிளை நகர்த்தும் நீளத் திருகு (லீட் ஸ்க்ரூ) ஓடும் நட்டின் மரை போய்விடும்.

மேல்துருவுக்கு எண்ணெய் தடவி, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துச் சுரண்டினாலே போதும். கழற்றிய சின்னப் பாகங்களைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டு மின்சாரம் பாய்ச்சியும் துரு நீக்கலாம். பாகத்தை நெகட்டிவில் கட்டி, பாசிட்டிவில் சாதாரண இரும்புத் துண்டைத் தொங்கவிடுங்கள். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளை அதில் போடாதீர்கள், உடையும் தன்மை வந்துவிடும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவது எண்ணெய் வழிகளுக்காகத்தான். டேபிளைக் கழற்றும்போது (கனமானது, துணைக்கு ஆளோ செயின் பிளாக்கோ வேண்டும்) ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டு, மறுமுனையில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு துளை அடைத்திருந்தால் போதும், அந்த இடம் மட்டும் வறண்டு தேயும். வழுக்கும் பரப்புகளுக்கு விஜி 68 (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஸ்லைடுவே ஆயில் ஊற்றுங்கள். கிரீஸ் வேண்டாம், அதில் சீவல் ஒட்டிக்கொள்ளும்.

லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் நடுவில்தான் அதிகம் தேயும். அங்கே வைத்து நட்டின் பிளேயை (தளர்ச்சியை) முழுக்க எடுத்தால் ஓரங்களில் இறுகிப்போகும். ஓரத்துக்கு ஏற்ப இறுக்கி, மிச்சப் பிளேயை அப்படியே விடுங்கள். டேபிளை அளவுக்குக் கொண்டுவரும்போது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் வேலை சுத்தமாக வரும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியே ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) பேரிங்கையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: காரணம் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்பிண்டிலின் டேப்பரை (கட்டர் பொருந்தும் கூம்புத் துளையை) துடைத்து, உள்ளே டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் பெரிதாக ஆடாமல், சொரசொரப்பும் இல்லாமல் சுற்றினால் விட்டுவிடலாம். அந்தப் பேரிங்குகள் பெரும்பாலும் ஜோடி பார்த்து, திசை பார்த்துப் போட்டவை. தட்டிக் கழற்றினால் பந்தின் தடத்தில் பள்ளம் விழும். பிறகு நல்ல பேரிங்கும் வீண்தான்.