முதல் பனிச்சறுக்கு: காசை எங்கே போடுவது?

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன், 66 வயது மாமியார் என ஐந்து பேர். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டி ஸ்கீ விளையாட விட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சேமிக்கிறோம். சுற்றுலாச் சந்தையில் ஒரு நிறுவனம் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு 7 நாள், ஆளுக்கு 8,900 வெள்ளி, ‘ஸ்கீ அனுபவம் உட்பட’ என்றது. அன்றே 1,000 வெள்ளி முன்பணம் கட்டினால் ஆளுக்கு 300 வெள்ளி கழிவாம். யோசித்துச் சொல்கிறோம் என்றதற்கு, ஞாயிறு வரை அதே விலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் ஸ்கீ தெரியாது. கட்டலாமா?
– செந்தூல் வாசகி

பதில்: இந்த ஞாயிறுக்குள் கட்ட வேண்டாம், தங்கச்சி. ஐந்து பேருக்கு 44,500 வெள்ளி. இரண்டு வருடச் சேமிப்பை ஆளுக்கு 300 வெள்ளிக் கழிவுக்காக அவசரத்தில் கொடுக்கக் கூடாது.

முதலில் அந்த ‘ஸ்கீ அனுபவம்’ என்ன என்று கேளுங்கள். பல தொகுப்புப் பயணங்களில் அது பேருந்தை ஒரு பனிப் பூங்காவில் நிறுத்தி, ஒன்றிரண்டு மணி நேரம் பிள்ளைகள் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து வழுக்கி விளையாடுவதுதான். மகிழ்ச்சியான விஷயம், ஆனால் அது ஸ்கீ இல்லை. சறுக்குமேட்டில் எத்தனை மணி நேரம்? மலை மேல் ஏற்றிவிடும் லிப்டுக்கான பாஸ் சேர்த்தா? ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட், உடை வாடகை யார் தலையில்? சொல்லிக்கொடுக்க ஆசிரியர் உண்டா, எந்த மொழியில்? பதில் எழுத்தில் வரட்டும். வாய்வார்த்தையாக வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்து, நான் மனசார நம்புகிற ஒன்றைச் சொல்கிறேன். முதல் முறை போகிற குடும்பம் பெரிய மலைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை, ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டும். ஹொக்கைடோவின் நிசெக்கோ உலகப் புகழ் பெற்ற ஸ்கீ இடம், அங்கே ஒரு நாள் லிப்ட் பாஸ் மட்டுமே 10,000 யென்னைத் தாண்டுகிறது. ஆனால் உங்கள் முதல் இரண்டு நாளும் நூறு மீட்டர் நீளச் சின்னச் சரிவில்தான் கழியும். நகரும் பாய் மாதிரி ஒரு கன்வேயர் மேலே ஏற்றிவிடும், நீங்கள் மெதுவாக இறங்குவீர்கள். அந்தச் சரிவு பேர் தெரியாத சின்ன ஊரிலும் இருக்கிறது. ஏறவே போகாத உச்சிக்கு எதற்குக் காசு?

நானும் என் கணவரும் முதல் தடவை பாடக் கட்டணத்தை மிச்சம் பிடித்தோம். வீடியோ பார்த்து நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தோம். பதினொரு மணிக்குள் என் மகள் நாலு தடவை விழுந்து, பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, இனி வரவே மாட்டேன் என்று அழுதாள். வாடகையும் பாஸும் சேர்ந்து அன்றைய பணம் முழுதும் போனது. அடுத்த வருடம் இரண்டு மணி நேரக் குழுப் பாடத்தில் சேர்த்தோம். எப்படி விழுவது, எப்படி எழுவது, இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் ஆப்பு மாதிரி சேர்த்து வேகத்தை எப்படிக் குறைப்பது, இவ்வளவுதான் கற்றுக்கொடுத்தார்கள். நிறுத்தத் தெரிந்ததும் பயம் போய்விட்டது. சாயங்காலம் கூப்பிட்டால் கீழே வர மனசில்லை அவளுக்கு. அதனால்தான் சொல்கிறேன், எதை வெட்டினாலும் பாடத்தை வெட்டாதீர்கள். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளில் இடம் குறைவு. விமானச் சீட்டு எடுத்த கையோடு அதையும் பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் ஒரு குழு, பிள்ளைகள் ஒரு குழு என்று பிரிந்து போவது நல்லது. அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கு அழ வசதியாகிவிடும்.

எந்த ஊர் என்பதைத் தேதி தீர்மானிக்கட்டும். நீங்கள் டிசம்பர் முதல் பாதியில் போவதானால் ஹொக்கைடோதான் சரி, அங்கே பனி முந்தி வரும். ஆனால் மலை மேல் ஹோட்டல் எடுக்காமல் சப்போரோ நகரத்தில் தங்குங்கள். சப்போரோ கொக்குசாய், தெய்னே என்ற இரண்டு ஸ்கீ மையங்களுக்கும் நகரத்திலிருந்து போய்த் திரும்பலாம். தெய்னேயில்தான் 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்தன, ஆனாலும் தொடக்கக்காரர்களுக்கான பகுதி அங்கே தனியாக இருக்கிறது. எந்தச் சரிவு எந்தத் தேதியில் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு மலிவு விலை விமானம் நேராகவே பறக்கிறது.

பயணத்தை சீனப் பெருநாள் விடுமுறைக்குத் தள்ள முடிந்தால் என் தேர்வு தோக்கியோதான். அங்கிருந்து காலா யுசாவாவுக்குப் புல்லட் ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ரயில் நிலையமே ஸ்கீ மையத்தின் வாசல். இறங்கின இடத்திலேயே வாடகை, லாக்கர், மேலே போக கோண்டோலா எனும் மூடிய கேபிள் கார் எல்லாம். ஒரு வழி டிக்கெட் 6,500 யென்னுக்கு மேல். இரண்டு நாள் போய் வருவதானால் ஜேஆர் தோக்கியோ வைட் பாஸ் என்ற ரயில் பாஸ் வாங்குங்கள்: அடுத்தடுத்த 3 நாளுக்குப் பெரியவருக்கு 15,000 யென் அளவில், 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்குப் பாதி. மூன்றாம் நாள் அதே பாஸில் நிக்கோவையோ ஃபுஜி மலைப் பக்கத்தையோ பார்த்துவிடலாம். பெருநாள் வாரத்தில் எங்கேயும் கூட்டம்தான், அதனால் வார நாளாகப் பார்த்துப் போங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 3 வரை ஜப்பானியர்களின் சொந்த விடுமுறை; அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு. 100 யென்னை 3 வெள்ளி என்று கொஞ்சம் கூட்டியே வைப்போம். பெரியவர் ஒருவருக்கு லிப்ட், ஸ்கீ, பூட்ஸ், உடை வாடகை எல்லாம் சேர்ந்து நாளைக்கு 15,000 முதல் 20,000 யென் வரும், அதாவது 450 முதல் 600 வெள்ளி. பிள்ளைகளுக்குக் குறையும். பாடத்தையும் சேர்த்து, சறுக்கப் போகிற நாலு பேருக்கும் ஒரு நாளைக்கு 2,500 வெள்ளி ஒதுக்கி வையுங்கள். இரண்டு நாளுக்கு 5,000. அதற்கு மேல் ஸ்கீ நாள் போடாதீர்கள். மூன்றாம் நாள் கால் வலிக்கும், பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது பார்க்கத் தோன்றும். மீதி நாளெல்லாம் நகரத்தில் சாதாரணச் செலவுதான். விமானமும் தங்குமிடமும் எவ்வளவு என்று நீங்களே இணையத்தில் கூட்டிப் பார்த்து, அந்த 44,500-க்குப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மாமியாரை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடப்பவர்களையும் கோண்டோலாவில் ஏற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். மேலே சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் சறுக்குவதைப் பார்ப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். அவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் ஜப்பானியக் கறியில் கவனம் தேவை. காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். அவசரத்துக்கு இங்கிருந்து உணவு கொண்டுபோகலாம், ஆனால் இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் விட மாட்டார்கள்.

இவ்வளவையும் ஏற்பாடு செய்ய நேரமில்லை, நிறுவனம் வழியாகவே போகிறோம் என்றால் அதுவும் தப்பில்லை. அவர்களிடம் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா, அது வெளிநாட்டுப் பயணத்துக்கும் செல்லுமா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். பணம் நிறுவனத்தின் பேரிலுள்ள கணக்குக்குப் போகட்டும், விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். சொன்னது கிடைக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், அதாவது திரிபுனல் பெங்குனா, இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது, நான் மேலே எழுத்தில் வாங்கச் சொன்ன அந்தப் பதில்.

கேள்வி: ஸ்கீ உடையை இங்கேயே வாங்கலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: மேல் ஜாக்கெட், கால்சட்டை, ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு. வளரும் பிள்ளைக்கு ஸ்கீ ஜாக்கெட் வாங்கினால் நம் ஊர் வெயிலில் அது அலமாரியில்தான் தொங்கும். கையுறை, பனிக்கான கண்ணாடி (காகிள்ஸ்), காலுறை இவை பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்காது, அவற்றை இங்கேயே வாங்கிவிடுங்கள். கையுறை தண்ணீர் உள்ளே போகாததாக இருக்கட்டும். உள்ளாடைக்கு யுனிக்ளோ ஹீட்டெக் மாதிரி மெல்லியது போதும். பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வேர்வையை உறிஞ்சி உடம்பைச் சில்லிட வைத்துவிடும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுகிறவர்கள் நம்மில் அதிகம். முட்டி வரை நீளும் மெல்லிய ஒரு ஜோடியே நல்லது, இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் குளிரும்.

வாடகைக் கடையில் உங்கள் எடையைக் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து தானாகக் கழல்வதற்கான பூட்டை அந்த எடையை வைத்துத்தான் முடுக்குகிறார்கள். குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்று உங்களைத் தள்ளிவிடும், கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, ஆபத்து முழங்காலுக்கு. சன்ஸ்கிரீனும் எடுத்துக்கொள்ளுங்கள், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: அக்கா, நாங்கள் பினாங்கு. ஜப்பானைவிட கொரியா மலிவு என்கிறார்கள். பினாங்கு–கோலாலம்பூர் டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் 200 வெள்ளி மிச்சமாகிறது. எடுக்கலாமா? பயணக் காப்புறுதி அவசியமா?
– ஜார்ஜ்டவுன் வாசகர்

பதில்: கொரியா பெரும்பாலும் மலிவுதான், தம்பி. தலைநகர் சோலிலிருந்து விவால்டி பார்க் ஸ்கீ மையத்துக்குப் பேருந்து உண்டு, எலிசியன் காங்ச்சோன் மையத்துக்கு நகர ரயிலிலேயே போகலாம். பருவம் குறுகியது, டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. பனியும் பெரும்பாலும் இயந்திரம் தூவுவது. தொடக்கக்காரருக்கு அது குறையில்லை. ஜப்பானுக்குச் சிப் உள்ள மலேசியக் கடப்பிதழ் போதும், விசா வேண்டாம். கொரியாவுக்குக் கே-ஈடிஏ என்ற மின்னியல் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது இரண்டாவது விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. முழுக் குடும்பத்துக்கும் புது டிக்கெட் நீங்கள்தான் வாங்க வேண்டும். ஒரே பதிவில் எடுங்கள்; இல்லையென்றால் முதல் நாளே கோலாலம்பூருக்கு வந்து தங்கிவிடுங்கள்.

காப்புறுதி கட்டாயம் எடுங்கள், ஆனால் வாங்குமுன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். சில திட்டங்கள் குளிர்கால விளையாட்டையே சேர்ப்பதில்லை. சில, கயிறு கட்டிய அதிகாரப்பூர்வச் சரிவுக்குள் நடந்த விபத்துக்கு மட்டும் பணம் தரும். வயது வரம்பும் உண்டு, அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அதையும் பாருங்கள். ‘ஸ்கீ’ என்ற சொல் பாலிசியில் எங்கே வருகிறது என்று முகவரை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் வேறு திட்டம் பாருங்கள்.