கர்நாடக வயலின் வாசிக்கும் நான் லேப்டாப் வைத்து லைவ் லூப்பிங் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

கேள்வியில் சொன்னதை வைத்துப் பேசுகிறேன்: பல வருடமாகக் கர்நாடக வயலின் வாசிக்கிறீர்கள், 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது, வயலினையும் கொஞ்சம் கொன்னக்கோலையும் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) அடுக்கடுக்காகப் பதிந்து, பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு (இதுதான் லைவ் லூப்பிங்), அதன் மேல் தனியாளாக மேடையில் வாசிக்க ஆசை. முதலில் நல்ல மைக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மைக் அப்புறம். முதலில் உங்கள் கால் எங்கே இருக்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

நானும் தரையில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, கணுக்கால் பக்கத்தில் வயலின் தலையை நிறுத்தி வாசித்துப் பழகியவன். லூப்பிங் செய்ய உட்கார்ந்த முதல் நாளே சிக்கல் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் வயலினில். வலது கால் வயலினைத் தாங்குகிறது, இடது கால் மடங்கியிருக்கிறது. லூப்பைத் தொடங்கவும் முடிக்கவும் எதை வைத்து மிதிப்பது? அதனால் ஸ்டூலுக்கு மாறினேன். மாறினால் வயலின் நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவே ஊன்றி நிற்காது. இறக்க ஜாரு (மேல் ஸ்வரத்திலிருந்து கீழே வழுக்கி இறங்குவது) வாசிக்கும்போது கையோடு வயலினும் இழுபடும். ஷோல்டர் ரெஸ்ட் போட்டு, தாடையால் பிடித்து, பழைய கமகங்கள் கைக்குத் திரும்பி வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கும் கொஞ்ச நாள் ஆகும். அதனால் ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வர்ணம் முழுசாக வாசித்துப் பாருங்கள். செல்லோ கலைஞர் ஸோயி கீட்டிங்கின் மேடை வீடியோக்களையும் பாருங்கள். செல்லோவும் லேப்டாப்பும்தான், லூப் வேலை முழுக்கக் காலால் நடக்கும். அவர் வில்லை எடுப்பதற்கும் காலை அழுத்துவதற்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தாலே நிறையப் புரியும்.

இப்போது ஃபுட் கன்ட்ரோலர், அதாவது காலால் மிதித்து லேப்டாப்பை இயக்கும் பெடல் பலகை. உங்கள் பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன். நான்கு ஸ்விட்ச் போதும்: பதிவு மற்றும் ஓவர்டப்புக்கு (ஓடும் லூப்பின் மேலேயே இன்னொரு அடுக்கைப் பதிவது) ஒன்று, நிறுத்த ஒன்று, கடைசியாகப் பதிந்ததை நீக்கும் அன்டூ ஒன்று, அடுத்த ட்ராக்குக்குப் போக ஒன்று. அன்டூ இல்லாமல் மேடையேறாதீர்கள். ஒரு அபஸ்வரம் லூப்பில் பதிந்துவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 பலரும் வாங்குவது. பத்து ஸ்விட்ச், ஒலி அளவு போன்றவற்றைக் காலால் கூட்டிக் குறைக்க இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல், நல்ல கனம், மிதித்தால் நகராது. ஆனால் அதில் யுஎஸ்பி கிடையாது, ஐந்து முள் மிடி (இசைக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) மட்டும்தான். அதை வாங்கினால் ஆடியோ இன்டர்ஃபேஸிலும் (மைக், பிக்கப் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) மிடி துளை வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் அது இல்லை, 4ஐ4-ல் உண்டு. இதைக் கவனிக்காமல் இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் நடுவே இன்னொரு கன்வெர்ட்டர் கேபிள் வாங்க வேண்டி வரும்.

எந்தப் பெடலானாலும் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். நம் மேடைகளில் வெறுங்கால்தான். ஷூ போட்டு மிதிப்பதற்கென்று செய்த சின்ன இரும்புக் குமிழ்கள் அரை மணி நேரத்தில் பாதத்தை வலிக்க வைக்கும், அழுத்தும்போது வரும் 'டக்' சத்தமும் மைக்கில் ஏறும். இன்னொன்று, ஸ்விட்ச் அழுத்தும் கணத்தில் வேலை செய்கிறதா, காலை எடுக்கும்போதா என்று பாருங்கள். எடுக்கும்போது என்றால் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) மிதித்தாலும் லூப் சமம் தாண்டித்தான் மூடும்.

இன்டர்ஃபேஸ் விஷயத்தில் ஒலித் தரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இன்றைக்கு எல்லாமே போதுமான தரம்தான். பார்க்க வேண்டியது லேட்டன்சி, அதாவது வாசித்த ஒலி லேப்டாப் வழியாகக் காதுக்குத் திரும்பி வர ஆகும் தாமதம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே எழுதித் தரும் ஏசியோ ட்ரைவர் (இந்தத் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும். ஒலியை விநாடிக்கு 48,000 துண்டாக (சாம்பிள்) எடுக்கும் 48,000 ஹெர்ட்ஸில், ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால் உள்ளே வர 2.7 மில்லிசெகண்ட், வெளியே போக 2.7. மற்ற தாமதங்களும் சேர்ந்து மொத்தம் பத்துக்குள் நின்றால் வாசிக்கலாம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். மேடையில் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தின் அடி நம் காதுக்கு வரவே நாலு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பழகிய காதுதான் நமக்கு.

ஆனால் காதுக்குத் தெரியாத ஒரு தாமதம் உண்டு, அதில்தான் நான் வாரக்கணக்கில் தவித்தேன். முதல் லூப் சரியாக இருக்கும். மேலே கொன்னக்கோல் போட்டால் ஏதோ பின்னால் இழுப்பது போலவே இருக்கும். என் லயத்தில்தான் குறை என்று நினைத்து மெட்ரோனோம் வைத்துச் சாதகம் செய்தேன். காரணம் வேறு. நாம் வாசித்தது உள்ளே வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று ட்ரைவர் சாஃப்ட்வேருக்குச் சொல்லும். சாஃப்ட்வேர் அந்த அளவுக்குப் பதிவை முன்னால் நகர்த்தி வைக்கும். ட்ரைவர் தப்பான எண்ணைச் சொன்னால் மேலே போடும் ஒவ்வொரு அடுக்கும் அதே அளவு தள்ளி உட்காரும். சோதிப்பது சுலபம். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, மெட்ரோனோம் சத்தத்தை வெளியே அனுப்பி அதையே பதிவு செய்யுங்கள். இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு 310 சாம்பிள் வித்தியாசம் இருந்தது, அதாவது ஆறரை மில்லிசெகண்ட். ஏபில்டன் லைவ், ரீப்பர் ஆகிய இரண்டு ஒலிப்பதிவு சாஃப்ட்வேர்களிலும் அந்த எண்ணைக் கையால் கொடுத்துச் சரி செய்ய இடம் உண்டு. கொடுத்தேன். அன்று ராத்திரி 'தகிட தகதிமி' அப்படியே லூப்பின் மேல் ஒட்டி உட்கார்ந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்போது மைக்குக்கு வருகிறேன். ஒரு கல்லூரி அரங்கில் வயலினில் கிளிப் மைக் மாட்டிக்கொண்டு வாசித்தேன். மானிட்டர் ஸ்பீக்கர் என்னைப் பார்த்து இருந்தது. முதல் அடுக்கு சுத்தம். இரண்டாவதைப் பதியும்போது ஸ்பீக்கரில் ஓடும் முதல் அடுக்கும் மைக்கில் ஏறுகிறது. மூன்றாவதில் இரண்டும். ஐந்தாவது அடுக்கில் மோகனம் கரைந்து ஒரு கூச்சலாகிவிட்டது, நிறுத்தத்தான் முடிந்தது. அன்றிலிருந்து வயலினுக்குப் பீசோ பிக்கப் (காற்றின் ஒலியை அல்ல, வயலினின் அதிர்வை நேராகப் பிடிப்பது), காதில் இயர்ஃபோன், முன்னால் மானிட்டரே கிடையாது. பிக்கப்பின் நாதம் மைக் அளவுக்கு இயல்பாக இருக்காது, கொஞ்சம் கீறும். ஈக்யூவில் (ஒலியின் அடி, உச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கூர்மையைக் குறைத்துக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமெண்ட்' பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடி ஸ்தாயி மெலிந்து போகும். கொன்னக்கோலுக்கு ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக், உதட்டுக்கு மிக அருகில். தம்புரா சுருதியை மைக் வழியாகப் பிடிக்காமல் லேப்டாப்பிலிருந்தே நேராக ஓட விடுங்கள்.

சாஃப்ட்வேருக்கு இப்போதைக்குப் பணம் போட வேண்டாம். ரீப்பரை 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், அதோடு வரும் சூப்பர்8 என்ற லூப்பரில் எட்டு தடங்கள் உண்டு, மிடி பெடலால் இயக்கலாம். எதில் வாசித்தாலும் தாளத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆதி தாளம் என்றால் 4/4 போதும். 80 டெம்போவில் (நிமிடத்துக்கு 80 அடி) எட்டு அடி உள்ள ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி. ஏழு எண்ணிக்கை உள்ள மிஸ்ர சாபுவுக்கு 7/8 என்று மாற்றாமல் வாசித்தால் சாஃப்ட்வேர் நாலு நாலாக எண்ணி, உங்கள் சமத்தை விட்டுவிட்டு வேறெங்கோ லூப்பை மூடும்.

லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு 24 பிட்டில் சுமார் 17 எம்பிதான், 16 ஜிபி தாராளம். வாசிக்கும்போது வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடுங்கள், நடுவே வரும் 'படபட' சத்தம் பெரும்பாலும் அவற்றின் ட்ரைவரால் வருவது.

தனி லூப் பெடலே போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே அடுக்குக் கூட்டத்தின் மேல் ஆலாபனை செய்வதுதான் எண்ணம் என்றால் போதும், அதையே வாங்குங்கள், தொல்லை குறைவு. பல்லவிக்கு ஒன்று, கொன்னக்கோலுக்கு ஒன்று எனத் தனித்தனி நீளத்தில் லூப் வேண்டும், ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட விட வேண்டும் என்றால்தான் கம்ப்யூட்டர். பாஸ் ஆர்சி-505 என்ற தனி லூப் கருவியில் ஐந்து ட்ராக் உண்டு, ஆனால் அது மேஜையில் வைத்துக் கையால் இயக்குவதற்கென்று செய்தது. வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு அருமையான கருவி, வில் பிடித்த கைக்குப் பொருந்தாது.

மேடையில் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எர்த் சரியில்லாத அரங்குகளில் பாதி ஹம் அதிலேயே போய்விடும். நான் பேட்டரியை முழுசாக ஏற்றிக்கொண்டு போய், சார்ஜர் இல்லாமல்தான் வாசிக்கிறேன். நாற்பது நிமிடத்துக்குத் தாங்குகிறது.